இரண்டாவது சத்தம்

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ரூடியும் அவர் மகள் ததேயாவும் பழைய சாம்பல் நிறக் கார் ஒன்றின் ஏர்பேக்குகளை வெடித்துத் தீர்த்தார்கள். அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். அன்றைக்கு அது இன்னொரு சனிக்கிழமை, அவ்வளவே.

பழைய கார்களை உடைக்கும் யார்டின் கோடியில், காங்கிரீட் தளத்தில் அந்தக் கார் நின்றது. பேட்டரி ஏற்கெனவே கழற்றியாகிவிட்டது. முன்கண்ணாடி மேல் பழைய கம்பளம் போர்த்தி, கதவுகளைச் சாத்தி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த இரண்டு பிளக்கிலிருந்தும் இரண்டு நீளக் கம்பிகளைச் சுவருக்குப் பின்னால் இழுத்து வந்திருந்தார் ரூடி. அவருக்கு இடது காது கேட்காது. அதனால் ததேயா வீட்டுக்கு வரும் சனிக்கிழமைகளில் அவள் காதுதான் அவருக்குக் காது.

"வெளிய யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினார்.

"எல்லாரும் உள்ளதான் இருக்கோம் ரூடி, வெடிச்சுத் தொலை!" ஆபீஸ் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. யார்டின் முதலாளி பெர்னார்டா.

சுவருக்குப் பின்னால் வைத்திருந்த பேட்டரியில் முதல் கம்பியைத் தொட்டார். காரே ஒரு முறை குலுங்கியது. காக்கைகள் கிளம்பின. ரூடி அசையவில்லை.

"பொறு."

"பொறுக்கிறேன்ப்பா."

"இது ரெண்டு படி உள்ளது. முதல் படி போனா பை ஊதிடும், பாக்கறவன் முடிஞ்சுதுன்னு நெனச்சிடுவான். இன்னொரு மருந்து உள்ளயே உக்காந்திருக்கும்."

"நான் மின் பொறியாளர்ப்பா. மறந்துட்டீங்களா?"

"அதனாலதான் சொல்றேன். மத்தவங்ககிட்ட சொல்லவே மாட்டேன், தொடவிடாம விரட்டிடுவேன்."

இரண்டாவது கம்பி. உள்ளே யாரோ வாயைப் பொத்திக்கொண்டு தும்மினதுபோல் ஒரு சத்தம்.

"கேட்டுதா?"

"கேட்டுது."

"நிஜமா?"

"கேட்டுதுன்னா கேட்டுது."

"காருக்குள்ள இருந்துதானே வந்துது?"

"இல்ல, சர்ச்சுக்குள்ள இருந்து வந்துது. பாதிரியார் தும்மினார்."

சிரித்தார். ஆனாலும் சூடு ஆறட்டும் என்று சுவருக்குப் பின்னாலேயே நின்றார். பெர்னார்டா கதவைத் திறந்து, "நீ வெளிய வர்றதுக்குள்ள ஈஸ்டரே வந்துடும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஊரில் அவர் பெயர் 'பொறு ரூடி'. மலைமேல் லிபா என்ற சிற்றூரில் மூன்றாவது மகனாகப் பிறந்தவர். அந்தப் பக்கத்தில் ஈஸ்டர் சனிக்கிழமை பால்கேனுக்குள் கார்பைடு கல்லைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மூடியை அடித்து இறுக்கி, அடியிலுள்ள துளையில் தீ வைத்து வெடிப்பார்கள். எந்த ஊர் வெடி பள்ளத்தாக்கில் அதிகம் எதிரொலிக்கிறதோ அந்த ஊருக்கு அடுத்த ஈஸ்டர் வரை பேச்சு உண்டு. பதினாறு வயதில் ரூடி குனிந்து பார்த்தார், வெடிக்கவில்லையே என்று. மூடி தலையை உரசிக்கொண்டு போனது. தலை தப்பியது, காது போனது. அதற்குப் பிறகு வெடிக்காத எதன் அருகிலும் அவர் அவசரப்பட்டதில்லை.

பள்ளத்தாக்கில் லாரிகளுக்கு வில்பட்டை செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். ஆலை மூடியதும் பெர்னார்டாவின் யார்டுக்கு வந்தார். கார் உடைப்பதில் மற்றவர்கள் கதவு, எஞ்சின், கண்ணாடி என்று போவார்கள். ஏர்பேக்கை அவர் மட்டும்தான் தொட்டார். தைரியசாலி என்பதால் அல்ல. மற்றவர்கள் தொட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வெடிக்காத ஏர்பேக்கை வாங்க ஆட்கள் வருவார்கள், தம் காரில் மாட்டிக்கொள்ளலாம் என்று. "பழசை மாட்டி அடிபடுறப்போ அது தூங்கிட்டா யாரைக் கேப்பே?" என்பார். கெஞ்சுவார்கள், திட்டுவார்கள். அவர் கம்பியை இழுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் போய்விடுவார். காரில் வைத்து வெடிக்க முடியாதவற்றை, பிளக்கின் இரண்டு முனைகளையும் இணைத்து, பை ஊதி வரும் மெத்தைப் பக்கம் மேலே பார்க்க, பூட்டுள்ள இரும்புக் கூண்டில் வைப்பார். அவற்றை வாங்கிப்போகும் வண்டி வரும்வரை நாளைக்கு ஒரு தரம் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார்.

வீட்டிலும் அப்படித்தான். கேஸ் மூடினாயா, கதவு சாத்தினாயா. ததேயாவின் அம்மா இரேனா எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். வாரக் கடைசியில் வருவாள். "உன் அப்பா என்னைக் கல்யாணம் பண்ணிக்கவே நாலு வருஷம் யோசிச்சார், நான் வெடிப்பேனா மாட்டேனான்னு" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை வேலை முடிந்து ஆபீஸில் டீ குடிக்கும்போது பெர்னார்டா போனை நீட்டினாள். ஈஸ்டர் நோன்பு தொடங்குவதற்கு முன் லிபாக்காரர்கள் நடத்திய கார்னிவலின் வீடியோ. மரவண்டியைக் கார்போல ஜோடித்திருந்தார்கள். வைக்கோல் ஆள் ஒருவன் நிஜ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டமாரென்று ஏர்பேக் ஊதியது. வைக்கோல் ஆளின் தொப்பி பறந்தது. மெத்தையின் மடிப்பில் வைத்திருந்த வண்ணக் காகிதத் துண்டுகள் தெருவெல்லாம் பறந்தன. ஜனம் ஆர்ப்பரித்தது.

"லிபா விங்கோ இருக்கானே, தன் மச்சான் கார்ல இருந்து கழட்டினானாம். டிராக்டர் பேட்டரில வெடிச்சானாம். நல்லாருக்குல்ல?" என்றாள் பெர்னார்டா.

ரூடி டீயைக் கீழே வைத்தார். "ததேயா, எத்தனை சத்தம்?"

"ஒண்ணு."

"திரும்பப் போடு."

மூன்று தரம் போட்டாள். ஒரு சத்தம்தான். வண்டி திரும்பும் ஒரு நொடியில் ஸ்டியரிங்கின் பின்பக்கம் தெரிந்தது. நிறுத்திப் பெரிதாக்கினாள். பிளக் இடம் இரண்டு. ஒன்றில் மட்டும் கம்பி.

"அந்த வண்டி இப்போ எங்க?" என்றார் ரூடி.

"எங்க இருக்கும், ஈஸ்டர் குவியல்ல" என்றாள் பெர்னார்டா.

கார்னிவலின் மரச்சாமான் எல்லாம் ஈஸ்டர் தீக்குத்தான் போகும். தேவதாரு மிலாறும் பழைய வேலிக்கட்டையும் அடுக்கி வீட்டு உயரத்துக்குக் குவியல் கட்டுவார்கள். உச்சியில் அந்த வைக்கோல் ஆளை ஸ்டியரிங்கோடு உட்கார வைத்து, ஈஸ்டர் சனிக்கிழமை மாலை கொளுத்துவார்கள். எதிர்மலையிலுள்ள போத்கோராக்காரர்கள் திருட்டுத்தனமாக முன்கூட்டியே கொளுத்திவிடாமல் பக்கத்தில் சின்னக் குடிசை போட்டு ஊரே முறைவைத்துக் காவல் காக்கும்.

"தீயில அந்த மிச்ச மருந்து எப்பப் போகும், எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது" என்றார் ரூடி. அவர் கை தொடைமேல் தட்டிக்கொண்டிருந்தது. "கைக்குழந்தையோட எல்லாரும் சுத்தி நிப்பாங்க."

அடுத்த ஞாயிறு ததேயாவிடம் போனில் பேசினார். "விங்கோகிட்ட பேசிட்டேன். நாளைக்குக் காலைல ஒரு இடத்துக்குப் போகணும்."

"எங்கப்பா? லிபாவுக்கா?"

"வந்து சொல்றேன்."

திங்கள் காலை வீட்டு நடையில் பூட்ஸ் மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. வேலைக்கு வரவில்லையே என்று பெர்னார்டா வந்து பார்த்தபோது ஒரு பூட்ஸ் காலில், ஒன்று கையில். மூளையில் ரத்தக்குழாய் வெடித்ததாக டாக்டர் சொன்னார். ததேயா அந்தச் சொல்லை அப்படியே கேட்டுக்கொண்டாள்.

அடக்கம் நடந்தது. விங்கோ வந்து மண் போட்டான், தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான், அவள் கண்ணைப் பார்க்காமல் போனான். அவள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

பெரிய வெள்ளியன்று மாலை வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். எதிர்மலையில் கார்பைடு ஒத்திகை கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. கையிலிருந்த தட்டோடு ஜன்னலுக்கு வந்தாள். மேலே லிபாவின் குவியல் தெரிந்தது. உச்சியில் வைக்கோல் ஆள். கையில் வட்டமாக ஏதோ.

அப்பா அந்த ஸ்டியரிங்கை எடுத்தாரா இல்லையா? யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் யார்டுக்குப் போனாள். பெர்னார்டா சாவியோடு வந்தாள். கூண்டில் எல்லாம் மெத்தை மேலே பார்க்க வரிசையாக இருந்தன. வண்ணக் காகிதம் ஒட்டிய ஸ்டியரிங் எதுவும் இல்லை.

"கொண்டு வரல. கொண்டு வந்திருந்தா என்னை உக்காத்தி வெச்சுப் பாடம் நடத்தியிருப்பானே" என்றாள் பெர்னார்டா. அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அவர் ஏர்பேக்கைத் தூக்கிட்டுப் போற பெட்டி எங்கக்கா?"

உள்ளே கம்பளி ஒட்டிய மரப்பெட்டி. மூடி கிடையாது. பெர்னார்டா எடுத்துக் கொடுத்தாள். ததேயா பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை இரண்டையும் அதற்குள் போட்டாள்.

வீட்டில் அம்மா, பாதிரியார் மந்திரித்துத் தர சர்ச்சுக்கு எடுத்துப்போகும் ஈஸ்டர் கூடையில் பன்றித்தொடை, முட்டை, துருவித் தின்னும் காரவேர், வால்நட் சுருள்ரொட்டி எல்லாம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குமாடி? அவர்தான் போயிட்டார். இனி அந்த எழவை நீ தூக்கிட்டு அலையணுமா?"

"யாராவது போகணும்மா."

"போலீசுக்குப் போன் பண்ணு."

"பண்ணிட்டேன். இன்னிக்கு லீவு நாளாம், ஆள் வர நேரமாகுமாம். குவியலைக் கொளுத்தாதீங்கன்னு ஊர்க்காரங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

"லிபாக்காரன்கிட்ட கொளுத்தாதேன்னு சொல்லப் போறியா? அதுக்கு நீயே குவியல்ல ஏறி உக்காந்துக்கலாம்."

மலை ஏறும்போது அவள் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. மழையில் நனைந்திருக்கும். நனைந்தாலும் மருந்து செத்துவிடாது. ஒற்றைச் சத்தம் இரண்டும் சேர்ந்து வெடித்த சத்தமாகவும் இருக்கலாம். ஆனால் கம்பி ஒன்றுதானே. அப்படியானால் இல்லை. மறுபடி முதலிலிருந்து.

குவியலின் அடியில் காவல் குடிசை. வெளியே நாலைந்து பேர் தகரத்தில் நெருப்பு வளர்த்துக் குளிர் காய்ந்தார்கள். ஒருவன் வாயில் சிகரெட். விங்கோ அவளைப் பார்த்ததும் எழுந்தான். பருத்த ஆள், அறுபதைத் தாண்டியவன், லிபாவின் வெடிக் கோஷ்டிக்குத் தலைவன்.

"வாம்மா ததேயா. அம்மா எப்படியிருக்காங்க?"

"விங்கோ மாமா, அந்த ஸ்டியரிங்கை இறக்கணும். அதுல பாதி மருந்து இன்னும் வெடிக்கல."

குளிர் காய்ந்தவர்கள் சிரித்தார்கள். "பொறு ரூடி போனார், பொறு ததேயா வந்துட்டா!"

"அதான் ஊரே பாக்க வெடிச்சாச்சேம்மா, என் காதுல ரெண்டு நாள் மணியடிச்சுது" என்றான் சிகரெட்காரன்.

"ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. ரெண்டு கேக்கணும்."

"அடுத்த வருஷம் ரெண்டா கேக்க வைக்கிறோம்."

"ஏணி குடுங்க. நானே எடுத்துக்கறேன்."

விங்கோ குறுக்கே வந்தான். "வேண்டாம்மா. குவியல் சரியும். அதுக்கு ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்ல."

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"தெரியும். விடேன்."

அவன் குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் வேறெதுவோ. அவள் யோசிக்க நிற்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மிலாறுகளைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். கீழே கூச்சல் எழுந்தது. இறங்கு, இறங்கு. பிசின் கையில் ஒட்டியது. ஒரு கட்டை காலடியில் உருண்டது. மார்பு ஸ்டியரிங்குக்கு எதிரே வராதபடி பக்கவாட்டில் ஒதுங்கி, வைக்கோல் ஆளின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் பிடித்திருந்தது துருப்பிடித்த மெல்லிய இரும்பு வளையம். பழைய டிராக்டரின் ஸ்டியரிங். நடுவில் மெத்தையும் இல்லை, மருந்தும் இல்லை, பிளக்கும் இல்லை. வைக்கோல் ஆளே புதியவன். வீடியோவில் பார்த்தவனுக்குச் சிவப்புச் சட்டை. இவனுக்கு நீலம்.

குனிந்து விங்கோவைப் பார்த்தாள். அவன் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. மெல்ல, மற்றவர் கண்ணில் படாமல், சொல்லாதே என்று தலையை ஆட்டினான்.

இறங்கினாள். "சரிதான். பயமில்ல" என்றாள் எல்லோருக்கும். அவர்கள் கைதட்டினார்கள். விங்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதைவரை கூட வந்தான். வேலியருகில் நின்றான்.

"நான் காவல் இருந்த அன்னிக்குத் தூங்கிட்டேன்" என்றான். "கொஞ்சம் குடிச்சிருந்தேன். எழுந்து பாத்தா வைக்கோல் ஆளையே காணோம், ஸ்டியரிங்கோட. போத்கோராக்காரங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. விடியறதுக்குள்ள வேற ஆள் கட்டி ஏத்திட்டேன். இது வெளிய தெரிஞ்சா நான் இந்த ஊர்ல தலை காட்ட முடியாது. முப்பது வருஷமா கோஷ்டிக்குத் தலைவன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"அவர்கிட்ட மட்டும் சொன்னேன். ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கிட்டே நின்னார், போகவே மாட்டேன்னார். சொல்லிட்டேன். 'நான் போய்க் கேட்டு வாங்கிட்டு வர்றேன், உன் பேரு வராது'ன்னார். திங்கக்கிழமை போறதா சொன்னார்." தொப்பியைக் கழற்றினான். "போயிருப்பார்னு நெனச்சேன். அப்புறம்தான் எந்த நேரத்துல இறந்தார்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் தூக்கமே இல்லம்மா."

"நீங்க போயிருக்கலாமே மாமா."

"போயிருக்கலாம்" என்றான்.

அதற்குமேல் அவனிடம் நிற்க நேரமில்லை. எதிர்மலையில் போத்கோராவின் குவியல் தெரிந்தது. அதன் பக்கத்தில் மெல்லிய புகை. குளிர் காய்கிறார்களா, வேறெதாவதா? இங்கிருந்து தெரியாது.

பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றுப் பாலம் கடந்து, மறுபடி ஏறினாள். வழியில் கூடையோடு சர்ச்சுக்குப் போகிற பெண்கள் அவளையும் காலிப் பெட்டியையும் பார்த்தார்கள். ஒவ்வொரு கார்பைடு வெடிக்கும் அவள் தோள் குறுகியது. அப்பா இந்த ஏற்றத்தை எப்படி ஏறியிருப்பார், முழங்கால் வலியோடு, விங்கோ பேர் வராமலிருக்க என்ன பொய் சொல்ல யோசித்திருப்பார்? அவருக்குப் பொய் வராது. அதைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து யோசித்திருப்பார் என்று தோன்றியது.

போத்கோராவின் குவியல் லிபாவுடையதைவிட உயரம். உச்சியில் தார்ப்பாய் போர்த்து ஏதோ கட்டியிருந்தது. தார்ப்பாய் விளிம்பில் சிவப்புச் சட்டைக் கை ஒன்று தொங்கியது. புகை, தகரத்து நெருப்பிலிருந்து. அதனருகே நாற்காலி போட்டு, சிகரெட் பிடித்தபடி ஒரு வயதான பெண் உட்கார்ந்திருந்தாள். பெபா. இந்த ஊர்க் கோஷ்டிக்கு அவள்தான் தலைவி. சுற்றிலும் அவள் ஆட்கள்.

"வழி தவறிட்டியா?" என்றாள் பெபா.

"இல்ல. எங்கப்பா உங்ககிட்ட ஒரு பொருள் வாங்கிட்டுப் போறதா இருந்தார்."

"யாரு உங்கப்பா?"

"ரூடி. பெர்னார்டா யார்டுல வேலை."

பெபா சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தாள். "அவர் இறந்துட்டார்னாங்களே."

"ஆமா. அதான் நான் வந்தேன்."

"என்ன பொருள்?"

"தார்ப்பாய்க்குள்ள இருக்கிற ஸ்டியரிங்."

சுற்றியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பினான். பெபா கண்ணை இடுக்கினாள். "விங்கோ அனுப்பினானா? அழுதுட்டிருக்கானா?"

"விங்கோ மாமாவா? அவருக்கு இதுல என்ன? லிபா குவியல் உச்சில ஒரு ஆள் உக்காந்திருக்கான், ஸ்டியரிங்கோட. நானே இப்பத்தான் ஏறிப் பாத்தேன்."

சிரித்தவன் நிறுத்தினான்.

"எங்கப்பா வீடியோவைப் பாத்தார். அதுல ரெண்டு மருந்து. ஒண்ணுதான் போயிருக்கு. இன்னொண்ணு தீ பட்டா போகும். எந்தப் பக்கம்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

"இருட்டினதும் தார்ப்பாயை உருவி லிபாக்காரன் மூஞ்சியைப் பாக்கணும்னு நாங்க நோன்பு முழுக்கக் காத்திருக்கோம். நீ வந்து குடுன்னா குடுத்துடணுமா?"

"வைக்கோல் ஆளை வெச்சுக்கங்க. சட்டையும் உங்களுக்குத்தான். ஸ்டியரிங் மட்டும்."

பெபா புகையை இழுத்தாள். மேலே பார்த்தாள், பெட்டிக்குள் இருந்த கம்பளியைப் பார்த்தாள், பிறகு ததேயாவின் கையை. லிபா குவியலின் பிசின் அதில் கறுத்து ஒட்டியிருந்தது.

"நேத்து அந்தத் தார்ப்பாயை நான்தான் கட்டினேன்" என்றாள் பெபா. "முழங்காலால அழுத்தி." சிகரெட்டைச் சேற்றில் போட்டு மிதித்தாள். "அந்தத் தகரத்துல தண்ணி ஊத்துங்கடா. ஏணியைக் கொண்டு வாங்க. எங்காளு யாரும் ஏற மாட்டான், சொல்லிட்டேன்."

"நான்தான் ஏறப் போறேன். நீங்க எல்லாரும் அந்தக் குடிசைக்குப் பின்னால போங்க. நான் கூப்பிடற வரைக்கும் எட்டிப் பாக்காதீங்க."

போனார்கள். ததேயா கண்ணாடி போட்டு, கையுறை மாட்டி, ஏணியை இரண்டு தரம் அசைத்துப் பார்த்தாள். பெட்டியை ஏணியின் அடியில், இறங்கினதும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தாள். பிறகு முதல் படியில் கால் வைத்தாள்.